நீலம் படாத மூலை

மார்ச் 2

அண்ணிக்கு,

பெட்டியைத் திறந்ததும் மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள். இதை ரிப்பேர் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் நாலாவது வார்த்தையில் சண்டை வந்துவிடும். அதனால்தான் எழுதித் தொலைக்கிறேன்.

உள்ளே இருப்பது இரண்டு வருடம் முன்பு நீங்கள் எனக்குச் செய்து கொடுத்த வீடியோ கேம் ஜாய்ஸ்டிக். லீவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நான் ஒன்று நினைத்தால் அது ஒன்று செய்கிறது. திரையில் என் மல்யுத்தக்காரி மரம் மாதிரி நின்று உதை வாங்குகிறாள். எந்தத் திசை, எந்த மூலை என்றெல்லாம் கேட்காதீர்கள். அது தெரிந்தால் நானே சரிசெய்திருப்பேன்.

டிசம்பர் ஜோடிப் போட்டியில் நாம் தோற்றதும் இந்தப் பெட்டியால்தான். அன்றைக்கே சொன்னேன். நீங்களோ அத்தனை பேர் முன்னால், "வேண்டாவெறுப்பா ஆடறவ வீட்லயே இருந்திருக்கலாமே" என்றீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏப்ரல் 26 தனியாள் போட்டிக்குப் பதிவு செய்திருக்கிறேன். முதல் எட்டுக்குள் வந்தால் பெரிய போட்டிக்கு அழைப்பு வரும். இந்த முறையும் வராவிட்டால் விளையாட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டே காலத்தைத் தள்ளிவிடுவேன். இங்கே கடைக்காரர் இதைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரும்மா செஞ்சது? நகை வேலை மாதிரி இருக்கு, நான் கைவைக்க மாட்டேன்" என்று மூடிவிட்டார். வேறு வழியில்லாமல்தான் உங்களிடம் வருகிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்


மார்ச் 6

வாலுக்கு,

"எழுதித் தொலைக்கிறேன்" என்று எழுதுகிற வாடிக்கையாளரை என் பிறவியில் இப்போதுதான் பார்க்கிறேன்.

நான் சொன்னது உனக்கு ஆறவில்லை, சரி. நீ சொன்னது மட்டும் எனக்கு ஆறிவிட்டதா? "பல் செட் பண்றவங்க செஞ்ச ஸ்டிக்கு, அதான் சமயத்துல பல்லிளிக்குது." பதினைந்து வருடமாகப் பல் செட் செய்கிறேன். ஒரு செட்டாவது வேலை செய்யவில்லை என்று திரும்பி வந்ததில்லை. உன் அண்ணன் வேறு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அந்த ஆள் யார் பக்கம் என்றே தெரியவில்லை.

நேற்று சாப்பாட்டு இடைவேளையில் லேப்பில் வைத்துப் பிரித்தேன். நாலு சுவிட்சும் கிளிக் கிளிக்கென்று பேசுகின்றன. ஸ்பிரிங் திடமாக இருக்கிறது. மேஜையில் வைத்து இருநூறு தடவை ஆட்டிப் பார்த்தேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஸ்டிக்கில் குறை இல்லை.

இப்படி எழுதி மூடிவிடத்தான் நினைத்தேன். ஆனால் பல்லும் இப்படித்தான். அச்சில் வைத்துப் பார்த்தால் கச்சிதமாக இருக்கும், வாயில் போட்டதும் "எங்கியோ இடிக்குது டாக்டர்" என்பார்கள். எங்கே என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. அப்போது டாக்டர் ஒரு நீலத்தாளைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்வார். எங்கே இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும்.

உன் பெட்டிக்கும் அதையே செய்திருக்கிறேன். லீவரின் வால் உள்ளே ஒரு சதுரச் சட்டத்துக்குள் ஓடுகிறது. அந்தச் சட்டத்துக்கு வெள்ளை பூசி, வாலில் நீலத்தாளைச் சுற்றிவிட்டேன். நீ வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல் மடியில் வைத்து, இருபது ஆட்டம் ஆடு. பிரிக்காமல் அனுப்பு. யார் பொய் சொல்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

நானும் ஏப்ரல் 26க்குப் பதிவு செய்திருக்கிறேன். தெரிந்து வைத்துக்கொள்.

அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

இருபது இல்லை, இருபத்துநாலு ஆட்டம் ஆடினேன். பதினைந்து தோல்வி. மேல்வீட்டுத் தையல்காரர் வேடிக்கை பார்க்க வந்து, "இவ்ளோ அடி வாங்கறதுக்கா சம்பளத்துல டிவி வாங்கின?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெட்டியைத் திறந்து பார்க்கத் துடித்தது. திறக்கவில்லை. எனக்கும் நேர்மை உண்டு.

பொய் சொல்கிறேன் என்று எழுதியதற்குத் தனியாகச் சண்டை வைத்துக்கொள்ளலாம். முதலில் ஸ்டிக்கைப் பாருங்கள்.

வாடிக்கையாளர்தான், இன்னும்


மார்ச் 15

வாலு, கண்டுபிடித்துவிட்டேன்!

நீ சொன்னது பொய் இல்லை. திறந்ததும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரி கையிலிருந்த மேல்தாடையைக் கீழே போட்டுவிட்டாள். சட்டத்தின் நாலு சுவரிலும் நீலம் அப்பிக் கிடக்கிறது. மூன்று மூலையில் நீலம் திட்டுத் திட்டாக. நாலாவது மூலையில் ஒரு பொட்டு நீலம் இல்லை. பூசின வெள்ளை பூசினபடியே இருக்கிறது. இருபத்துநாலு ஆட்டத்தில் ஒரு முறைகூட லீவர் அங்கே போகவில்லை!

மேல் வலது மூலை. அதாவது முன்னால் பாய்ந்து குதிப்பது. நீ குதிப்பதையே விட்டுவிட்டாய். ஏன் என்று எனக்குத் தெரியும், டிசம்பரில் மூன்று முறை அந்தரத்தில் அடி வாங்கினாய் இல்லையா? பயம். பயந்த கைக்கு நீண்ட தூரம் போக மனசு வராது. அதனால் மேல், வலது இரண்டு சுவிட்சிலும் ஒயர் நிறத்தைப் பார்த்து மெல்லிய தகடு ஒட்டியிருக்கிறேன். இனிமேல் லேசாகச் சாய்த்தாலே போதும், பறப்பாய்.

எதிராளிக்கு இவ்வளவு செய்கிற முட்டாள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் வேலை அழகாக வந்திருக்கிறது, என்ன செய்ய?

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

பறக்கிறேன். நன்றாகவே பறக்கிறேன். ஓர் அடி முன்னால் நடக்கலாம் என்று தள்ளினால் குதிக்கிறாள். கையை நீட்டிப் பிடிக்கலாம் என்றால் குதிக்கிறாள். ஸ்டிக்கை மடியில் சரிசெய்து வைத்தால்கூடக் குதிக்கிறாள். ஐந்து வருடமாகத் தரையில் நின்று ஆளைத் தூக்கிப் போடுகிற மல்யுத்தக்காரியைத் தவளை ஆக்கிவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக் கூடத்தில் பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டிலும் தோல்வி. போட்டிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது.

பயமாம். என்னைப் பார்த்துப் பயந்தவள் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? குதிப்பது என் ஆட்டமே இல்லை என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? எத்தனை வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்? தெரிந்தே செய்தீர்களோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக எனக்கே என் மேல் கோபம். ஆனாலும் தோன்றியது, மறைக்க மாட்டேன்.

தகட்டைப் பிய்த்துப் பழையபடி ஆக்கித் தாருங்கள். போதும்.


மார்ச் 23

வாலு,

நீ திட்டியது அத்தனையும் எனக்கு வேண்டும். இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சட்டத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பல் வேலையில் எல்லாமே தலைகீழ்தான். நோயாளியின் இடது எங்களுக்கு வலது. அதனால் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கும்போது இடம் வலமாகும் என்பதை மறக்காமல் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அந்தப் பெருமையில் இன்னொன்றைக் கோட்டை விட்டேன். லீவருக்கு நடுவில் அச்சு இருக்கிறது. படகுத் துடுப்பு மாதிரி, கை இந்தப் பக்கம் போனால் வால் அந்தப் பக்கம் போகும். பல்லுக்கு அப்படி நடுவில் அச்சு ஏது? பதினைந்து வருடப் பழக்கம் காலை வாரிவிட்டது. ஒயர் நிறத்தைப் பார்த்தேனே தவிர, அந்தச் சுவிட்ச் எந்தச் சுவரில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே விழித்திருப்பேன்.

வால் தொடாதது மேல் வலது என்றால், உன் கை போகாதது கீழ் இடது.

இதை எழுதும்போதே கை பரபரக்கிறது. உன் பழைய ஆட்டங்களின் வீடியோவை எல்லாம் போட்டுப் பார்த்தேன். நவம்பர் வரை ஒரு குறையும் இல்லை. டிசம்பரிலிருந்து திரையின் இடப்பக்கம் நின்று ஆடிய பதினாலில் பதினொன்று தோற்றிருக்கிறாய். வலப்பக்கம் நின்றால் நீ பழைய நீதான். இடப்பக்கம் நிற்பவள் தாழ்ந்து வரும் உதையைத் தடுக்க லீவரைக் கீழ் இடது மூலைக்கு இழுக்க வேண்டும். நீ இழுக்கிறாய், பாதி வழியில் நின்றுவிடுகிறது.

அந்த மூலைக்கு இழுப்பது மோதிர விரலும் சுண்டு விரலும். நான் மேஜையில் ஆட்டியபோது எனக்குத் தப்பவில்லை. ஆக ஸ்டிக்கில் ஒன்றுமில்லை, ஆட்டத்திலும் ஒன்றுமில்லை.

இடது கையின் அந்த இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு தாளைப் பிடித்துக்கொள். தையல்காரரை இழுக்கச் சொல். உருவிக்கொண்டு வந்துவிடுகிறதா, இல்லையா? அதை மட்டும் எழுது. என்னிடம் சமாளிக்காதே.

கூட ஒரு மெழுகுக் கட்டி வைத்திருக்கிறேன். வெந்நீரில் போட்டு இளக்கி, லீவரைப் பிடிப்பது போலவே இடது கையால் பிடித்து, ஆறும்வரை அப்படியே வைத்திரு. அதைத் திருப்பி அனுப்பு. பதில் எதுவானாலும் அது எனக்கு வேண்டும்.

அண்ணி


மார்ச் 28

அண்ணி,

தாள் உருவிக்கொண்டு வந்துவிட்டது. மூன்று முறையும். தையல்காரர் மூன்றாவது முறை சிரிக்கவில்லை.

இரண்டு விரலும் மரத்துப்போய் ஐந்து மாதம் ஆகிறது. முதலில் எறும்பு ஊருகிற மாதிரி இருந்தது, பிறகு அதுவும் இல்லை. ஃபோர்க்லிஃப்ட்டில் நாள் முழுக்க இடது முழங்கையைக் கதவு விளிம்பில் ஊன்றிக்கொண்டு ஸ்டியரிங் குமிழைச் சுழற்றுகிறேன், அதனால் இருக்கலாம். கிடங்கில் தோள்வலி என்று சொன்ன ஒருவரை மறுவாரமே வண்டியிலிருந்து இறக்கி, அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலையில் போட்டார்கள். அதனால் வாய் திறக்கவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. அவனிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் எனக்கே வெட்கமாக இருக்கிறது. டிசம்பரில் அந்தக் கடைசி உதை வந்தபோது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. பார்த்தேன். இழுத்தேன். கை வரவில்லை. நீங்கள் வேண்டாவெறுப்பு என்றதும், சரி, அப்படியே இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது. அக்கறை இல்லாதவள் என்று திட்டு வாங்கலாம். கை போனவள் என்று நீங்கள் பாவப்பட்டுவிட்டால் என்னால் தாங்க முடியாது. அதனால் பழியை ஸ்டிக்கின் மேல் போட்டேன். உங்கள் வேலையின் மேல் போட்டேன். பல்லிளிக்கிறது என்றேன். மன்னித்துவிடுங்கள், அண்ணி. முதல் கடிதத்தில் மன்னிப்பு இல்லை என்று எழுதினேன், இதில் இருக்கிறது.

மெழுகை அனுப்பியிருக்கிறேன். முதல் தடவை சூடு தாங்காமல் போட்டுவிட்டேன், அதுவும் நல்ல விரல்கள்தான் கத்தின. இரண்டாவது தடவை சரியாக வந்தது. என்ன செய்யப்போகிறீர்கள் என்று யோசித்து யோசித்து வண்டியை ஒரு தூணில் இடிக்கப் பார்த்தேன்.

வாலு


ஏப்ரல் 8

வாலு,

பெட்டியைத் திறந்ததும் சிரிக்காதே. சரி, சிரி.

உருண்டைப் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டேன். அதற்குப் பதில் இருப்பது உன் சொந்தக் கை. உன் மெழுகை அச்செடுத்து, பல் செட்டுக்கு ஊற்றுகிற அக்ரிலிக்கில் வார்த்தேன். எங்களிடம் இருப்பது ஈறு நிறம் ஒன்றுதான், அதனால் இப்படி ரோஜாவாக இருக்கிறது. மெருகேற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்து, "யாருக்கு இது?" என்றாள். "என் நாத்தனாருக்கு." "ஐயோ பாவம், எல்லாப் பல்லும் போயிடுச்சா?" நான் மெருகுச் சக்கரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

பிடியின் வலது ஓரத்தில் ஒரு சின்ன உதடு விட்டிருக்கிறேன். கட்டை விரலின் அடிச்சதை அதில் உட்காரும். இனிமேல் கீழ் இடதுக்குச் சுண்டு விரலால் இழுக்காதே, உள்ளங்கையால் தள்ளு. பிடி சுற்றிவிடாமல் தண்டில் ஊசி அடித்து நிறுத்தியிருக்கிறேன். ஸ்பிரிங்கைப் பாதி பலத்துக்கு மாற்றினேன். வாலில் ஒரு வளையம், அந்த மூலைக்கு மட்டும் அரை மில்லிமீட்டர் தடிப்பு, அதனால் அங்கே சீக்கிரம் கிளிக் ஆகும். இந்த முறை திசையை ஒன்பது தடவை சரிபார்த்தேன். உன் அண்ணனைக் கூப்பிட்டு லீவரைப் பிடிக்கச் சொல்லி, "இப்ப எந்தப் பக்கம் தள்றீங்க?" என்று கேட்டுக் கேட்டு அவர் பொறுமையைச் சோதித்துவிட்டேன். ஏன் என்று அவருக்குச் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

இப்போது கசப்பான விஷயம். ஆட்டப் பட்டியல் வந்துவிட்டது, பார்த்திருப்பாய். இரண்டு பேரும் முதல் மூன்று ஆட்டம் ஜெயித்தால், முதல் எட்டுக்கான ஆட்டத்தில் நீயும் நானும். ஒருத்திக்குத்தான் இடம்.

உன் ஓட்டை எங்கே என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அது நீ என்னை நம்பிச் சொன்னது. அங்கே அடித்தால் துரோகம் மாதிரி இருக்கிறது. அடிக்காமல் விட்டால் உன்னைப் பார்த்துப் பாவப்பட்ட மாதிரி. மூன்று நாளாக இதே குடைச்சல். என்ன செய்யட்டும், நீயே சொல்.

ஒரு நிபந்தனை மட்டும் என்னுடையது. போட்டி முடிந்த மறுநாள் நரம்பு டாக்டரிடம் போகிறாய். இல்லையென்றால் இந்தப் பிடியைப் பிடுங்கிக்கொள்வேன்.

அண்ணி


ஏப்ரல் 13

அண்ணி அண்ணி அண்ணி,

கை வைத்ததும் உள்ளங்கை தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. குனிகிறாள்! மல்யுத்தக்காரி குனிகிறாள்! முதல் தடுப்பு விழுந்ததும் நான் கத்திய கத்தலில் தையல்காரர் கையில் ஊசியோடு ஓடிவந்தார். அவருக்கும் ஒரு தடவை பிடித்துப் பார்க்கக் கொடுத்தேன். "யாரோ கையைக் கொடுத்த மாதிரி இருக்கே" என்று சட்டென்று விட்டுவிட்டார்.

முதல் நாள் பத்துக்கு நாலு தடுத்தேன். நேற்று ஏழு. பழகப் பழக வருகிறது. ஐந்து மாதமாக நான் தூங்கப்போகும்போது நினைத்துக்கொண்டு படுத்த ஒன்று, எழுந்ததும் ஞாபகம் வருகிற ஒன்று, இன்று காலை ஞாபகமே வரவில்லை.

டாக்டரிடம் போகிறேன். சத்தியம்.

கேட்டதற்குப் பதில். நீங்கள் அங்கே அடிக்காமல் விட்டால் எனக்குத் தெரிந்துவிடும். உங்கள் ஆட்டம் எனக்கு அத்துப்படி. விட்டுக்கொடுத்தீர்கள் என்றால், மேடையிலேயே ஸ்டிக்கை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன், பிறகு உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். அடியுங்கள். நன்றாக அடியுங்கள்.

வாலு


ஏப்ரல் 28

வாலு,

அந்தக் கூட்டத்தில் உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஆளாளுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் பழக்கம் விடாமல் எழுதுகிறேன்.

டாஸ் ஜெயித்ததும் நான் வலப்பக்கம் கேட்டேன். உன்னை இடப்பக்கம் நிற்கவைக்கத்தான் கேட்டேன். நீ நாற்காலியை மாற்றிப் போட்டாய். உட்கார்ந்த பிறகும் பாவம் பார்க்கவில்லை. உன் அண்ணன் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தாராம். மூன்று ஆட்டத்தில் பத்தொன்பது தடவை தாழ உதைத்தேன். நீ தடுத்தது பதினேழு.

கடைசி ஆட்டத்தில் உனக்கும் எனக்கும் ஓர் அடி உயிர்தான் மிச்சம். நீ வேறெதையோ எதிர்பார்க்கும் நேரம் அது. நான் நின்று குத்தப் போகிற மாதிரி காட்டி, கீழே உதைத்தேன். என் வாழ்க்கையிலேயே நான் ஆடிய சிறந்த உதை அது, சத்தியமாகச் சொல்கிறேன். நீ உள்ளங்கையை ஒரு தள்ளு தள்ளினாய். கிளிக் சத்தம் எனக்கே கேட்டது, அரை மில்லிமீட்டர். அடுத்த நொடி திரையில் என் ஆள், அந்தத் தொப்பிக்காரன், தலைகீழாகத் தரையில் கிடந்தான்.

தோற்றுவிட்டு எழுந்து குதித்தவள் அந்த மண்டபத்தில் நான் ஒருத்திதான். நடுவர் என்னைத்தான் ஜெயித்தவள் என்று நினைத்துக் கை கொடுத்தார். எனக்கும் அழைப்பு வேண்டும் என்றுதான் வந்தேன், இல்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். ஆனால் உன் கை வந்துவிட்டதைப் பார்த்த சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

டிசம்பரில் நான் சொன்னது தப்பு. அத்தனை பேர் முன்னால் சொன்னதை அத்தனை பேர் முன்னால் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். மைக் பக்கத்தில்தான் இருந்தது, எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது எழுத்தில் சொல்கிறேன். அடுத்த முறை மைக்கில் சொல்கிறேன்.

டாக்டர் என்ன சொன்னார்? உடனே எழுது.

அண்ணி


மே 5

அண்ணி,

முதலில் நல்ல செய்தி. ஏழாவது இடம், அழைப்புக் கடிதம் கையில் இருக்கிறது. நாலு முறை படித்துவிட்டேன். போட்டி பிப்ரவரியில்.

டாக்டரைப் பார்த்தேன். முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். சின்ன அறுவை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், பிறகு மூன்று மாதம் இடது கைக்கு ஓய்வு. பிப்ரவரிக்குள் விரல் திரும்பிவிடும் என்கிறார், முழுசாக இல்லாவிட்டாலும் பெரும்பாலும். கிடங்கில் நானே போய்ச் சொன்னேன். வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள், ஆனால் பெட்டி ஒட்ட அனுப்பவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாயால் செய்கிற வேலை, எனக்குப் பொருத்தம்தான்.

அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். போனிலேயே அழுதான்.

டாக்டர் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே, "விரல் மடங்கிப் போன பிறகுதான் பெரும்பாலும் வருவாங்க. நீங்க இவ்ளோ சீக்கிரம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

"நான் கண்டுபிடிக்கல சார். என் அண்ணி."

"அவங்க டாக்டரா?"

"இல்ல சார், என்னோட எதிராளி."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஏனோ அங்கேயே, அந்த ஸ்டூலிலேயே, அழுகையும் வந்துவிட்டது.

அறுவை பதினாலாம் தேதி காலை எட்டு மணிக்கு. கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டுமாம். படிவத்தில் உங்களை எழுதிவிட்டேன், கேட்கவில்லை. முந்தின நாளே வந்துவிடுங்கள், அண்ணி. எனக்குப் பயமாக இருக்கிறது.

வாலு